சுற்றுச்சூழல் மேலாண்மை முறையும் பசுமைப் புத்தாக்கமும்: கிருஷ்ணகிரி, தருமபுரி ஆலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலை, ஓசூர் சிப்காட்டின் பின்தெருப் பட்டறை, அரூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை என்று பல இடங்களில் தணிக்கைக் கோப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். தேநீர் வருவதற்கு முன்பே முதல் கேள்வி வந்துவிடும்: "இந்தச் சுற்றுச்சூழல் சான்றிதழுக்கு எவ்வளவு செலவாகும்?" தேநீர் முடிந்த பிறகு, கொஞ்சம் தயங்கி, இரண்டாவது கேள்வி வரும்: "இதனால் ஆலையில் புதிதாக ஏதாவது நடக்குமா, இல்லை அலமாரியில் இன்னொரு கோப்பு சேருமா?" முதல் கேள்விக்கு விலைப்பட்டியலோடு பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் இங்கே எழுதுவது இரண்டாவது கேள்விக்காக.

சுற்றுச்சூழல் மேலாண்மை முறை என்றால் என்ன? எங்களிடம்தான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே, அதுதானா?

அது இல்லை. சுத்திகரிப்பு நிலையம் என்பது தொட்டியும் பம்பும் காற்றடிக்கும் ஊதுவானும். மேலாண்மை முறை என்பது ஒரு நடைமுறை ஒழுங்கு: இந்த ஆலை மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எதை எடுக்கிறது, எதைத் திருப்பி விடுகிறது, அதில் எது பெரிது, எதை இந்த ஆண்டு குறைக்கப் போகிறோம், யார் பொறுப்பு, குறைந்ததா என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்விகளை ஆண்டுதோறும் விடாமல் கேட்டுப் பதிலை எழுதி வைப்பதுதான் முறை. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற நான்கு படிகளைச் சுற்றிச் சுற்றி வருவது.

இதற்கு உலகம் முழுவதும் பரவலாகப் பயன்படும் தரநிலை, சர்வதேசத் தரநிலை அமைப்பின் ஐஎஸ்ஓ 14001; சான்றிதழ் என்று நாம் பேசுவது இதற்குத்தான். 1992-இல் பிரிட்டன் பிஎஸ் 7750 என்று ஒன்றை வெளியிட்டது. 1993-இல் ஐரோப்பிய ஒன்றியம் 'ஈமாஸ்' என்ற தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1996-இல் ஐஎஸ்ஓ 14001 வந்தது. 2004-இலும் 2015-இலும் அது திருத்தப்பட்டது. காலநிலை மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற சிறு சேர்க்கை 2024-இல் வந்தது.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்தத் தரநிலை எந்த அளவையும் விதிப்பதில்லை. இவ்வளவு தண்ணீருக்கு மேல் செலவழிக்காதே என்று அதில் எங்கும் இல்லை. சட்டத்தை மதிக்கிறேன், மாசைத் தடுக்கிறேன், தொடர்ந்து மேம்படுகிறேன் என்று நீங்கள் உறுதி கூறுகிறீர்கள்; இலக்கு உங்களுடையது. அதனால் ஒரே தெருவில் இரண்டு ஆலைகள் ஒரே சான்றிதழை மாட்டிக்கொண்டு, ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விறகு எரித்துக்கொண்டிருக்கலாம்.

பசுமைப் புத்தாக்கம் என்பது ஆராய்ச்சிக் கூடம் வைத்திருப்பவர்களுக்கானது அல்லவா?

புத்தாக்கம் என்றவுடன் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நாடுகள் புத்தாக்கத்தை அளக்கப் பயன்படுத்தும் 'ஆஸ்லோ கையேடு' அவ்வளவு பெரிய நிபந்தனை எதையும் போடவில்லை. ஒரு பொருளோ செய்முறையோ அந்த நிறுவனத்தின் பழைய வழக்கத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவு மாறியிருந்து, நடைமுறைக்கும் வந்துவிட்டால் அது புத்தாக்கம். உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆலைக்குப் புதிதாக இருந்தால் போதும். அந்த மாற்றம் நீரையோ எரிபொருளையோ நச்சையோ கழிவையோ குறைத்தால் அது பசுமைப் புத்தாக்கம்.

இதில் மூன்று வகை உண்டு. புகைபோக்கியின் முனையிலும் வாய்க்காலின் கடைசியிலும் கருவி பொருத்துவது ஒன்று. மாசு பிறக்கும் இடத்திலேயே செய்முறையை மாற்றுவது இரண்டு. பொருளையே மாற்றுவது மூன்று. முதலாவது சட்டத்துக்காகச் செய்வது, அதில் பணம் போகும். இரண்டாவதில்தான் நம் மாவட்டத்து ஆலைகளுக்குப் பணம் திரும்பி வருகிறது. மூன்றாவது நம் கையில் அதிகம் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா?

உண்டு. ஆனால் சான்றிதழுக்கும் புத்தாக்கத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. அளக்கும் பழக்கத்துக்கும் புத்தாக்கத்துக்கும் உள்ள தொடர்புதான் பலமானது.

ஈமாஸ் திட்டத்தில் சேர்ந்த ஜெர்மன் ஆலைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஒரு பெயர்பெற்ற ஆய்வு இதையே வேறு சொற்களில் சொன்னது. முறையை ஏற்றுக்கொண்டதா என்பதைவிட, அந்த முறை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதுதான் செய்முறைப் புத்தாக்கத்தோடு சேர்ந்து நகர்கிறது. முறை வந்த முதல் ஆண்டில் எல்லாரும் படிவம் நிரப்புகிறார்கள். சில சுற்றுகள் முடிந்த பிறகுதான், "ஏன் இந்த எண் மூன்று ஆண்டுகளாக இறங்கவே இல்லை?" என்று யாராவது கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பழைய செய்முறைக்குள் பதில் கிடைக்காதபோதுதான் புதியதைத் தேடுகிறார்கள்.

இதன் பின்னால் உள்ள பொருளாதார வாதம் அமெரிக்க வணிகவியல் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டருடையது. கழிவு என்பது வீணான மூலப்பொருள், வீணாவதைக் கண்டுபிடிக்கும்படி நிறுவனத்தை நெருக்கினால் அது புத்தாக்கத்தில் போய் முடியும் என்று 1991-இலும், பிறகு வான் டெர் லிண்டே என்பவரோடு சேர்ந்து 1995-இலும் அவர் எழுதினார். எப்போதும் அப்படி நடக்குமா என்று பொருளாதார அறிஞர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விறகு டன் கணக்கில் வாங்கும் ஆளுக்கு அந்தச் சண்டை தேவையில்லை. தன் வாய்க்காலில் சுடுநீர் ஓடுவதைக் கையால் தொட்டுப் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஆலைதானே இந்தச் சான்றிதழை வாங்குகிறது? அப்படியானால் முறையால் புத்தாக்கம் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஓசூரில் லேத் பட்டறை நடத்துபவர். ஆய்வாளர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பணமும் ஆர்வமும் உள்ள முதலாளி இரண்டையும் செய்வார்: புது இயந்திரமும் வாங்குவார், சான்றிதழும் வாங்குவார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றால்தான் மற்றொன்று வந்ததுபோலத் தோன்றும். இந்த எதிர்த்திசைத் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன.

நான் பார்த்தவரையில் இரண்டு திசையும் உண்மை. சொந்த விருப்பத்தால் முறையைக் கொண்டுவந்த ஆலைகளில் பாதி மாற்றம் முன்பே தொடங்கியிருக்கும். வாடிக்கையாளர் கட்டாயப்படுத்தியதால் கொண்டுவந்த ஆலைகளில் இரண்டு வழி உண்டு: பெரும்பாலானவை கோப்போடு நின்றுவிடும், சிலவற்றில், யாரும் எதிர்பாராமல், மீட்டர் படிக்கும் பையன் ஒருவன் எதையாவது கண்டுபிடித்துவிடுவான். வாகனத் துறையில் இந்தக் கட்டாயம் பழையது. 1999-இலேயே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்களுக்கு உதிரிபாகம் தருபவர்களிடம் ஐஎஸ்ஓ 14001 கேட்கத் தொடங்கிவிட்டன. அந்த அலைதான் பிறகு ஓசூரின் சிறு பட்டறைகள்வரை வந்து சேர்ந்தது.

மாங்கூழ் ஆலையில் இது எப்படி நடக்கும்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

பெயர் சொல்லாமல் ஓர் ஆலையைச் சொல்கிறேன். ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கிறது. அவர்களுடைய சுற்றுச்சூழல் தாக்கப் பதிவேட்டில் முதல் வரி: "நீர் பயன்பாடு – முக்கியமானது – கட்டுப்படுத்தப்படுகிறது." மூன்று ஆண்டுகளாக அதே வரி. தேதி மட்டும் மாறியிருந்தது. எவ்வளவு நீர் என்று கேட்டேன். மேலாளர் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் குதிரைத்திறனைச் சொன்னார்.

கூழ் பிழியும் இயந்திரத்தின் பக்கம் போனோம். தரையில் ஒரு ரப்பர் குழாய் தண்ணீரைக் கொட்டியபடி கிடந்தது, பாம்பு மாதிரி. தரை கழுவும் பெண்மணி அப்போது வேறு மூலையில் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஏன் அடைக்கவில்லை என்று கேட்டதற்கு, "குழாய்த் திருகு அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது சார். நிமிடத்துக்கு ஒரு முறை யார் போய் வருவது?" என்றார். நியாயமான பதில். ஒரு பத்து லிட்டர் வாளியை வைத்துக் கைப்பேசியில் நேரம் பார்த்தோம். 20 வினாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1,800 லிட்டர். இரண்டு ஷிப்டில் 16 மணி நேரம் ஓடினால் 28,800 லிட்டர். மேலாளர் மனத்துக்குள் கணக்குப் போட்டார்: பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி இரண்டுக்கு மேல். மே மாதக் கடைசியில்தான் அவர் டேங்கருக்குப் பணம் கொடுத்திருந்தார்.

குழாயின் முனையில், கையை எடுத்தால் தானே அடைத்துக்கொள்ளும் துப்பாக்கி முனை ஒன்றை மாட்டினார்கள். சில நூறு ரூபாய்ச் செலவு. இது புத்தாக்கமா என்று சிரிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த ஓட்டம் நின்றபின் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது. குறைந்தபின்தான் மீதி ஓடுவது வெதுவெதுப்பாக இருப்பது தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்தால், கூழைச் சூடாக்கும் பகுதியில் நீராவி குளிர்ந்து நீராகி, அப்படியே வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. உப்பு இல்லாத, சூடான, ஏற்கெனவே காசு கொடுத்துக் காய்ச்சிய நீர்!

அடுத்த பருவத்துக்குள் அதைக் குழாய் போட்டு பாய்லரின் ஊட்டுநீர்த் தொட்டிக்குத் திருப்பினார்கள். பாய்லர்காரர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் ஒரு விதி உண்டு: ஊட்டுநீரின் வெப்பம் ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம். 30 டிகிரியில் போன நீர் 60 டிகிரியில் போனால் 5 சதவீதம். நூறு டன் விறகில் ஐந்து டன். ஆனால் எங்காவது கசிந்து கூழ் அந்த நீரில் கலந்தால் பாய்லரில் நுரை தள்ளும். அதனால் நீரின் நிறத்தையும் மின்கடத்துதிறனையும் ஷிப்டுக்கு ஒரு முறை பார்க்க ஆள் வைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு படிவம் தேவைப்பட்டது. அந்தப் படிவத்தை முறைக்குள் சேர்த்தார்கள். நான் பார்த்த கோப்புகளில், ஒரு படிவம் தேவை கருதிப் பிறந்தது அங்கே மட்டும்தான் என்று சொன்னால் மிகையாகாது.

மூன்றாவது படி, பழம் கழுவும் கடைசித் தொட்டியின் நீரை முதல் தொட்டிக்குத் திருப்பியது. சுத்தமான நீர் கடைசியில் மட்டும் பழத்தைத் தொடும். மண்ணும் காம்புப் பாலும் ஒட்டியிருக்கும் பழத்தை முதலில் கழுவ அந்த நீரே போதும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி முதலில் மறுத்தார், குளோரின் அளவைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். இந்த மூன்று மாற்றங்களில் எதுவும் சான்றிதழில் எழுதியிருக்கவில்லை. வாளியை நீட்டியதில் தொடங்கியவை.

தோலும் கொட்டையும் மலைபோலக் குவிகின்றனவே, அவற்றை ஏதாவது பொருளாக்க முடியாதா?

முடியும், ஆனால் தனி ஆலையால் அல்ல. பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில ரகங்களில் பாதிவரை, தோலும் கொட்டையுமாகப் போகிறது. கொட்டையில் ஒரு பகுதியைச் சந்தூர்ப் பக்கத்து நர்சரிகள் ஒட்டுக்கன்றுக்கான நாற்றுக்கு வாங்கிக்கொள்கின்றன. மீதி அழுகுகிறது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் நல்ல கொழுப்பு உண்டு. சாக்லேட்டில் கோகோ வெண்ணெயோடு 5 சதவீதம்வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு ஆணையில் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாம்பருப்புக் கொழுப்பும் ஒன்று. தோலிலிருந்து, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் எடுக்கலாம்.

தடை எங்கே என்றால், ஈரக்கொட்டை சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும், கொழுப்பு கெட்டுவிடும். உலர்த்தும் களம், உடைக்கும் இயந்திரம், வாங்கும் ஆள் மூன்றும் இரண்டு மாதத்துக்குள் தயாராக இருக்க வேண்டும். பல ஆலைகள் சேர்ந்தால்தான் கட்டுபடியாகும். மேலாண்மை முறையின் எல்லை பெரும்பாலும் ஆலையின் மதில்சுவரோடு முடிந்துவிடுகிறது. இந்த வாய்ப்போ மதிலுக்கு வெளியே இருக்கிறது. பொருளின் முழு வாழ்நாளையும் பார் என்று 2015 திருத்தம் சொல்கிறது. பதிவேட்டில் அந்த வரிக்கு நேராக எல்லாரும் ஒரு 'டிக்' போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பொருள் புத்தாக்கம் நம் கையில் இல்லை என்றேன் அல்லவா? காரணம் இதுதான்: பல மாங்கூழ் ஆலைகள் பெரிய பான நிறுவனங்களுக்குக் கூலிக்குப் பிழிகின்றன. சர்க்கரை அளவு, புளிப்பு, பை, பீப்பாய் எல்லாம் அவர்கள் சொல்வது. ஓசூர்ப் பட்டறைக்கு வரைபடம் வெளியிலிருந்து வருகிறது. இவர்களிடம் போய், "உங்கள் பொருளைப் பசுமையாக வடிவமையுங்கள்" என்று சொல்வது, பந்தி பரிமாறுபவரிடம் சமையலை மாற்றச் சொல்வது போலத்தான்.

ஜவ்வரிசி ஆலைகளில் எரிவாயு எடுக்கிறார்களே, அது ஐஎஸ்ஓவால் வந்ததா?

நான் பார்த்த ஆலைகளில் இல்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மரவள்ளியை அரைத்து மாவு படியவிட்ட பிறகு வரும் நீர் பயங்கர நாற்றம் எடுக்கும். அதைத் திறந்த குட்டையில் விட்டுவைத்த காலம் உண்டு. குட்டையில் நடப்பதும் மூடிய கலனில் நடப்பதும் ஒரே வேலைதான்: காற்றில்லாமல் நுண்ணுயிர் தின்று மீத்தேனை விடுகிறது. கழிவுநீரின் சிஓடி (கரிமக் கழிவின் சுமையைக் காட்டும் ரசாயன ஆக்சிஜன் தேவை) ஒரு கிலோ குறைந்தால் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. குட்டையில் அது வானத்துக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். கலனில் அது ஜெனரேட்டருக்குப் போகும். முதலாளிகளை இதை நோக்கித் தள்ளியவை மின்வெட்டும், மின்கட்டணமும், ஊர்க்காரர்களின் நாற்றப் புகாரும். சான்றிதழ் ஏதும் இல்லாமலேயே முழுமையான பசுமைப் புத்தாக்கம் வந்துவிட்டது.

அப்படியானால் மேலாண்மை முறைக்கு இங்கே வேலை இல்லையா? உண்டு, அதற்குப் பிறகு. கலன் வைத்த இரண்டாம் ஆண்டில் வாயு குறையும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அமிலத்தன்மையை நாள்தோறும் குறித்து வைத்திருந்தவர் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்துவிடுவார். குறிக்காதவரின் கலன் துருப்பிடித்து நிற்கும். மாவு எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பிக்கும் இதே கதை: உலர்த்தும் நாளைக் கணக்கு வைத்தவருக்கு மாட்டுத்தீவன வியாபாரி விலை கொடுக்கிறார்.

ஓசூரில் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு?

உங்கள் தொழிலில் நீர்க்கணக்கு மிக அழகானது. முலாம் தொட்டியிலிருந்து தூக்கும் பொருளில் கொஞ்சம் ரசாயனம் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தொட்டியில் கழுவினால், ஒட்டி வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். இரண்டு தொட்டி வைத்து நீரைப் பொருளுக்கு எதிர்த்திசையில் ஓடவிட்டால் ஏறத்தாழ 32 லிட்டர். மூன்று தொட்டி என்றால் 10 லிட்டர். கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு பிளாஸ்டிக் தொட்டியும் அவற்றை வைக்க இடமும்தான். இதைவிட மலிவானது, பொருள்களை மாட்டித் தூக்கும் சட்டத்தை, அதாவது ஜிக்கை, தொட்டியின் மேலேயே பத்து வினாடி சொட்டவிடுவது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் பட்டறையில் எந்தத் தொழிலாளியும் அந்தப் பத்து வினாடியைத் தரமாட்டார். அங்கே மாற்ற வேண்டியது கூலி முறையை.

நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை விட்டு, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறியது உங்கள் துறையின் பெரிய மாற்றம். அதைத் தள்ளியது ஐரோப்பியச் சட்டம்: வாகனங்களுக்கு 2000-ஆம் ஆண்டு ஆணை, மின்னணுப் பொருள்களுக்கு 2006 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த தடை. மேலாண்மை முறை வைத்திருந்தவர்கள் சட்டம் வருவதை முன்னரே பார்த்தார்கள், ஏனெனில் பொருந்தும் சட்டங்களின் பட்டியலைப் புதுப்பிப்பது முறையில் கட்டாயம். ஒரு முன்னெச்சரிக்கை: உங்கள் பூச்சை மாற்ற வாடிக்கையாளரின் எழுத்து ஒப்புதல் வேண்டும், துரு தாங்குமா என்று பார்க்கும் உப்புநீர்ச் சோதனை முடிவுகளோடு. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். யோசனை வந்த அன்றே கடிதத்தைத் தொடங்குங்கள்.

கிரானைட் ஆலைகளுக்கு?

வெட்டும் நீரைப் படியவிட்டுத் திரும்பப் பயன்படுத்துவது பழைய சங்கதி. குவாரியில் வெடி வைப்பதைவிட வைரக்கம்பி ரம்பத்தால் அறுத்தால் கல் விரிசல் விடாமல் வரும், கழிவுக் கல் குறையும். சேற்றைச் செங்கல்லிலும் டைல்ஸிலும் கலக்கலாம். இந்தத் துறையில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு, அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.

பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டோம். இனி என்ன?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாசனத்துக்கு நிலத்தில் விடும் நீரில் பிஓடி (நுண்ணுயிர் கழிவைத் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பழச்சாறு கலந்த நீர் அதைப் பல மடங்கு தாண்டும். ஆகவே நிலையம் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் பெரிதாகக் கட்டியபின், கழிவைக் குறைப்பதில் ஆர்வம் போய்விடுகிறது. "அதுதான் நிலையம் இருக்கிறதே!" முதலீடு போட்டாகிவிட்டது, எவ்வளவு வந்தாலும் தாங்கும். மேலாண்மை முறையும் அந்த நிலையத்தின் பம்பு, ஊதுவான், ஆய்வக அறிக்கை என்று அதையே சுற்றி வளர்ந்துவிடும். வாய்க்காலின் கடைசி முனையை மட்டும் பார்க்கும் முறை, தொடக்கத்தில் எதையும் மாற்ற விடாது. முறை புத்தாக்கத்துக்குத் தடையாகவும் இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் எழுதுவதை நான் இந்த இடத்தில்தான் நம்புகிறேன். நிலையம் கட்டும் முன் ஒரு பருவமாவது ஒவ்வொரு பிரிவின் நீரையும் தனித்தனியே அளந்தால், பாதி அளவு நிலையமே போதும் என்று தெரியவரலாம்.

சான்றிதழ் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை தேவையில்லையா?

தேவை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும் உங்கள் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

சான்றிதழ் வாங்காமல் முறையை மட்டும் நடத்தலாமா?

தாராளமாக. வெளியாள் தணிக்கை உங்கள் வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே அவசியம். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் "மாசைத் தடுத்தால் லாபம்" என்ற தன் திட்டத்தை 1975-இல் தொடங்கியது. ஐஎஸ்ஓ 14001 வர இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன. தொழிலாளர்களும் பொறியாளர்களும் யோசனை கொடுக்க, மாசு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதுதான் அதன் சாரம். சிறு நிறுவனங்கள் படிப்படியாக முறையைக் கட்டுவதற்கு ஐஎஸ்ஓ 14005 என்ற வழிகாட்டியே இருக்கிறது. குறையில்லாத, சுற்றுச்சூழலைக் கெடுக்காத உற்பத்திக்காகச் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் சான்று தரும் மத்திய அரசின் 'செட்' (ZED) திட்டமும் உண்டு. 2022-இல் புதுப்பிக்கப்பட்டபோது வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை வைத்து, சான்றிதழ்க் கட்டணத்தில் குறுநிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதம் மானியம் என்று அறிவித்தார்கள். முதற்படியாக அது மோசமில்லை.

எங்கள் ஆலை ஆண்டில் இரண்டு மூன்று மாதம்தான் ஓடுகிறது. எங்களுக்கு இது பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும், வேறு விதத்தில். ஆண்டு முழுதும் ஓடும் ஆலையில் திட்டமிட்டுச் செய்து சரிபார்த்துத் திருத்தும் சுற்றை மாதாமாதம் சுற்றலாம். மாங்கூழ் ஆலைக்கு ஆண்டுக்கு ஒரே சுற்றுதான். மே முதல் ஜூலைவரை அளக்க மட்டுமே நேரம் இருக்கும். அப்போது எந்த இயந்திரத்தையும் கழற்ற முடியாது. ஆகஸ்ட் முதல் மார்ச்வரை கழற்றலாம், ஆனால் அளக்க எதுவும் ஓடாது. ஆக, பருவத்தில் அளக்கத் தவறியவர் ஒரு வாரத்தை அல்ல, ஒரு முழு ஆண்டை இழக்கிறார். பல ஆலைகள் நேர்மாறாகச் செய்கின்றன: தணிக்கையாளரைப் பருவம் முடிந்து, கழுவித் துடைத்த தரையைக் காட்டுவதற்காக அக்டோபரில் அழைக்கின்றன. ஜூன் மாதத்தில் அழையுங்கள்.

பருவத்தில் மூன்று எண்கள் போதும்: ஒரு டன் பழத்துக்கு எவ்வளவு நீர், எவ்வளவு விறகு, எவ்வளவு மின்சாரம். நாள்தோறும். வேறு எதையும் தொடாதீர்கள்.

ஆலோசகர் ஒருவர் எல்லாக் கோப்பும் பதினைந்து நாளில் தயார் என்கிறார்.

தயாராகிவிடும். எனக்கு ஒரு முறை தூத்துக்குடிப் பக்கத்து ஏதோ ஆலைக்கு எழுதிய கோப்பே கிருஷ்ணகிரியில் வந்து நின்றது. தாக்கப் பதிவேட்டில் "கடல்நீர் மாசுபடுதல்" என்று இருந்தது. நம் மாவட்டத்திலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று மேலாளரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்தில் கையெழுத்து அவருடையது. தடித்த கையேடு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடத் தரநிலையில் இல்லை. மெல்லிய கோப்பைக் கண்டு பயப்படாதீர்கள்.

எங்கள் முறை உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிவேட்டின் சென்ற ஆண்டுப் பிரதியையும் இந்த ஆண்டுப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேதியைத் தவிர எதுவும் மாறவில்லை என்றால் அது இறந்துவிட்டது. அடுத்து, பாய்லர்காரரிடம் நேற்று எவ்வளவு விறகு போனது என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறியாமல் எண்ணைச் சொன்னால் நல்லது; எண்ணைச் சொல்லிவிட்டு "முந்தாநாளைவிட அதிகம், விறகு ஈரம்" என்று காரணமும் சொன்னால் மிக நல்லது. கடைசியாக, கீழிருந்து வந்த ஒரு யோசனைக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஐயாயிரம் ரூபாய்வரை யாரிடமும் கையெழுத்து வாங்காமல் செலவழிக்க சூப்பர்வைசருக்கு அதிகாரம் கொடுத்த ஓர் ஆலையில், ஒரு பருவத்தில் வந்த யோசனைகள் அதற்கு முந்தைய ஐந்து பருவங்களில் வந்ததைவிட அதிகம்.

பதிவேடுகளெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டுமா?

எந்த மொழி என்று தரநிலை சொல்லவில்லை. தமிழில் எழுதலாம். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள், இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். நான் மேலே சொன்ன மாங்கூழ் ஆலையில் பாய்லர் பக்கம் ஒரு சுவர்ப்பலகை தொங்குகிறது. அதில் எழுத்தே இல்லை: வாளி ஒன்று, விறகுக்கட்டு ஒன்று, மின்விளக்கு ஒன்று, எதிரே சாக்பீஸால் அன்றைய எண்கள். தரை கழுவும் அந்தப் பெண்மணிதான் காலையில் முந்தைய நாள் எண்ணை அழித்துப் புதியதை எழுதுகிறார். தணிக்கைக்கு வந்த ஒருவர் இதற்கு ஆவண எண் இருக்கிறதா என்று கேட்டார். பலகையின் பின்பக்கம் ஒரு எண்ணை ஒட்டினார்கள்.